அஷ்டமியில் எடுத்த தண்ணீர்

எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டில் மாதிரி எடுத்த இடம், தேதி, நேரம், கடல் ஏற்றமா இறக்கமா என்ற கட்டங்களுக்குப் பிறகு ‘திதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அது அச்சில் வந்த கட்டமல்ல. ஸ்கேல் வைத்துப் பென்சிலால் நான் கோடு போட்டு உண்டாக்கியது. நான் ஓய்வு பெற்ற பிறகும் யாரோ ஒருவர் ஒவ்வொரு புதுப் பதிவேட்டிலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஏன் என்று கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்துகொண்டே போவதில் அரசாங்க அலுவலகத்தை மிஞ்ச முடியாது.

போன மாதம் ஸ்வாதி கூப்பிட்டாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். தெலுங்குக் குடும்பம், பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே போர்ட் பிளேரில்தான். பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். “அங்கிள், யே திதி வாலா காலம் நிகால் தூம் க்யா?” என்றாள். இந்தத் திதிக் கட்டத்தை எடுத்துவிடட்டுமா என்கிறாள். ஜாதகம் பார்த்தா தண்ணீர் எடுத்தீர்கள் என்று ஒரு சிரிப்பு வேறு. நாங்கள் தண்ணீர் எடுத்த கழிமுகத்தின் பாலத்தடியில் இப்போது ஒரு கருவியைக் கட்டியிருக்கிறார்கள். அது கால் மணிக்கு ஒரு தரம் உப்பையும் கலங்கலையும் அளந்து அவள் போனுக்கே அனுப்பிவிடுகிறதாம். அந்தக் கருவிக்கு நாளும் கிழமையும் கிடையாது.

இது போனில் முடிகிற பதிலல்ல. எழுதித் தருகிறேன் என்றேன். ஊரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்தது போக மிஞ்சியது இது.

நான் பரமக்குடிப் பக்கம் பிறந்தவன். கப்பலேறி இங்கே வந்து ‘ஃபீல்ட் அசிஸ்டென்ட்’ என்ற பெயரில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி என்று சொன்னால், ஆறு மாதம் பாட்டில் கழுவினேன், அவ்வளவுதான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது பயிற்சியல்ல, பிஸ்வாஸ் சாப்.

பிஸ்வாஸ் சாப் எங்கள் கெமிஸ்ட். வங்காளக் குடியேற்றக் குடும்பத்திலிருந்து வந்தவர், ஷாதிபூரில் வீடு. மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில் இருக்கும். பேனாவுக்கு அவரிடம் அனுமதி இல்லை, நனைந்தால் மை ஓடிவிடும் என்பார். லேபிளை முதலில் எழுதி ஒட்ட வேண்டும், அப்புறம்தான் பாட்டிலைத் தொடலாம். உப்பு முதலானவற்றைப் பார்க்கும் பாட்டிலை அந்த இடத்துத் தண்ணீராலேயே மூன்று முறை அலச வேண்டும். கிருமி பார்க்கும் பாட்டிலை அலசவே கூடாது. மூடியின் உட்புறத்தில் விரல் பட்டுவிட்டால் அந்தப் பாட்டில் அன்றைக்குச் செத்தது. நீரோட்டம் வரும் திசைக்கு வாயைக் காட்டி, ஒரு முழங்கை ஆழத்தில் பிடித்து நிரப்ப வேண்டும். தண்ணீரை முகர்ந்து பார்ப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். எல்லோரும் முகர்ந்து அவரவர் தாளில் எழுதி முடித்த பிறகுதான் தன் தாளைத் திருப்பிக் காட்டுவார். பெரியவர் சொன்ன நாற்றம் சின்னவர்கள் மூக்கிலும் ஏறிவிடும் என்பது அவர் கணக்கு.

எல்லாவற்றையும் விட விசித்திரம் அவர் முடிவு சொல்லும் விதம். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ‘இந்த பாட்டிலில், இந்த நேரத்தில், எதுவும் கிடைக்கவில்லை’ என்பார். எழுதுவதும் அப்படித்தான். ஒரு கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர், அப்படியானால் குடிக்கலாம்தானே என்று கேட்டார். பிஸ்வாஸ் சாப் எழுந்து நின்று, இந்த பாட்டிலில் இந்த நேரத்தில் எதுவும் கிடைக்கவில்லை சார் என்று அதையே திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மனிதனுக்கு வாயில் ஒரு நல்ல வார்த்தை வரக் கூடாதா என்று அப்போது நினைத்ததும் நினைவிருக்கிறது.

எங்கள் பொறுப்பில் இருந்தது ஒரு காடி. கடல் உள்ளே நுழைந்து ஊருக்குள் வரும் கழிமுகத்தை இங்கே எல்லோரும் காடி என்றுதான் சொல்வார்கள். மேலே மலைச்சரிவில் பாக்குத் தோட்டங்கள், அதற்குக் கீழே வயல், வீடுகள், பன்றிக் கொட்டில்கள், அப்புறம் உப்புச் சேற்றில் வேரூன்றி நிற்கும் கண்டல் மரங்கள், பிறகு கடல். மேலே பெய்யும் மழை இவை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு காடியில்தான் வந்து விழும். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இப்போது நாலு பேர் நண்டும் மீனும் பிடித்து விற்றுப் பிழைக்கிறார்கள். என் கதையால் அவர்கள் வியாபாரம் கெட வேண்டாம்.

காடியில் தண்ணீர் எடுப்பதற்கு பிஸ்வாஸ் சாப் ஒரு விதி வைத்திருந்தார். பாட்டாவில், அதாவது கடல் இறங்கியிருக்கும்போது மட்டுமே எடுக்க வேண்டும். ஏற்றத்தில் எடுத்தால் கடல் தண்ணீர் வந்து கலந்து அழுக்கை மறைத்துவிடும். இறக்கத்தில்தான் மேலேயிருந்து வருவது உள்ளபடி தெரியும். அருமையான விதி. அதோடு கூடத்துக்கு ஒரு விதி உண்டு: கிருமிப் பரிசோதனை மாதிரி மத்தியானத்துக்குள் வந்து சேர வேண்டும். அதுவும் நியாயமான விதிதான், வெயிலில் பாட்டிலை வைத்துக்கொண்டு திரிய முடியாது.

இந்த இரண்டு விதியையும் சேர்த்தால், காலை ஒன்பது பத்து மணிக்குக் கடல் இறங்கியிருக்கும் நாளில்தான் நாங்கள் போக முடியும். எங்கள் கரையில் அது அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில்தான் வாய்க்கும். பௌர்ணமி அமாவாசையில் அந்த நேரத்துக்குக் கடல் நிரம்பி நிற்கும்; மாதத்திலேயே பெரிய ஏற்றமும் அப்போதுதான். என் மனைவி சரோஜாவின் தினசரி காலண்டர் சென்னையிலிருந்து கப்பலில் தை பிறந்த பிறகுதான் வந்து சேரும். வந்ததும் அவள் அஷ்டமி நவமியைத் தேடி எனக்காக வட்டம் போட்டுவைப்பாள். ஊரே நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்கும் நாளாகப் பார்த்து இந்த மனுஷன் வேலைக்குக் கிளம்புகிறார் என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் சொல்லிச் சிரிப்பாள். டெலானிபூர் மேட்டில் எங்கள் வரிசை முழுக்க அந்தக் கேலி பிரசித்தம்.

சுனாமி வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர்; நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அலை திரும்பிப் போன பிறகும் ஒரு விஷயம் திரும்பவில்லை. எங்கள் நிலமே இறங்கிவிட்டது. இடுப்பளவு என்று சொல்லலாம். படகு அணையும் ஜெட்டியின் படிகள் தண்ணீருக்குள் போயின. ஓரத்து வயல்களில் கடல் குடியேறியது. கண்டல் மரங்கள் கழுத்து வரை உப்பில் நின்று நின்று இலை உதிர்ந்து வெள்ளையாகிச் செத்தன. ஜெட்டிக்காரர்கள் அளந்தார்கள், ரோடு போடுகிறவர்கள் அளந்தார்கள். எங்கள் தண்ணீர் விதியையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

காடியின் ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு நிவாரண முகாம் அமைத்தார்கள். நிக்கோபார் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு. வரிசையாகக் கொட்டகைகள், ஓர் உறைக்கிணறு, கொஞ்சம் தள்ளித் தாழ்வில் கழிப்பறைக் குழிகள். அவசரத்தில் செய்தது. செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர்களும் தூங்காதவர்கள்தான். காடிக்குப் போகும் நாளில் அந்தக் கிணற்றிலும் ஒரு பாட்டில் எடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது.

அங்கேதான் லெட்சுமி அக்காவைப் பார்த்தேன். இலங்கைத் தேயிலை மலையில் பிறந்து, சிறுவயதில் தாயகம் திரும்பியவர்களோடு வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். கணவனையும் ஒரே மகனையும் அலை கொண்டுபோயிற்று. மிஞ்சியது அவரும் மருமகள் சாந்தியும். சாந்தியின் வயிற்றில் அந்த மகனின் பிள்ளை. அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் அக்கா எப்போதும் பேசுவார். பிறந்துவிட்டால் மகன் முழுதாகப் போனதாக ஆகாது என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். முகாமில் எல்லோரும் இந்தியில் பேசிக்கொண்டிருக்க, நான் தமிழில் பேசியதும் அந்த இரண்டு பெண்களுக்கும் முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். போகிறபோதெல்லாம் பால் இல்லாமல் சர்க்கரை மட்டும் போட்டு ‘பிளேன்டீ’ கொடுப்பார். குடித்துவிட்டுத்தான் கிளம்ப விடுவார்.

கிணற்று முடிவுகள் தொடர்ந்து சுத்தமாக வந்தன. எனக்கே ஆச்சரியம். மழை தொடங்கின சமயத்தில் ஒருநாள், பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, நீங்க வர்ற நாளெல்லாம் தண்ணி நல்லாத்தான் இருக்கு. போயா அன்னிக்கு வந்து பாருங்க. கெணத்துல தண்ணி மேல வருது, ஒரு வாடை அடிக்குது. அமாவாசைக்கும் அப்பிடித்தான்.”

இலங்கையில் பிறந்தவர்கள் பௌர்ணமியைப் போயா என்பார்கள். அது எனக்குத் தெரியும். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. ஆனால் என் காதில் விழுந்தது வேறு.

அலை வந்தது பௌர்ணமி அன்று. அதன் பிறகு மாதாமாதம் பௌர்ணமி வந்தால் இந்தத் தீவில் பாதிப்பேருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். முகாம்களில் பெண்கள் துணிமூட்டை கட்டி மேட்டு ரோட்டில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எங்கள் குவார்ட்டர்ஸிலேயே சரோஜா அன்றைக்குக் குழந்தைகளைக் கடற்கரைப் பக்கம் விட மாட்டாள். ஒருவர் கடல் உறுமுகிறது என்பார், இன்னொருவர் நாய்கள் சரியில்லை என்பார். கணவனையும் மகனையும் பௌர்ணமிக்குப் பறிகொடுத்தவள், பௌர்ணமியில் தண்ணீர் கெடுகிறது என்றால் நான் என்ன நினைப்பேன்? பாவம், பயம் இன்னும் போகவில்லை என்றுதான் நினைத்தேன். அவரிடம் எனக்கு அலட்சியம் இருந்ததாக நினைத்துவிடாதே ஸ்வாதி. இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் என் காதை அடைத்தது.

பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் இரண்டு மூன்று நாள் அக்கா அந்தக் கிணற்றைத் தொடுவதில்லையாம். மேட்டு ரோட்டுக்கு வரும் தண்ணீர் லாரியில் பிடித்து, வழுக்குகிற செம்மண் பாதையில் இரண்டு குடம் சுமந்து இறங்குவாராம். சாந்தியும் ஒரு குடத்தோடு கூடப் போவாள் என்று கேட்டதும் எனக்குச் சுரீர் என்றது. வயிற்றுப்பிள்ளைக்காரி மழைச் சேற்றில் விழுந்தால் என்ன ஆகும்? அப்போது நான் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவிடுகிறேன்.

“அக்கா, அது மனசுல இருக்குற பயம். நான் எடுத்துப் பாத்துட்டேன். நல்ல தண்ணிக்கா. தைரியமா குடிங்க.”

 அக்கா கொட்டகை வாசலில் நின்ற சாந்தியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார். “கேட்டியா? நம்ம ஆளு, பாத்துட்டுச் சொல்றாரு. இனி மேட்டுக்கு ஏற வேணாம்.”

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்ல பிஸ்வாஸ் சாப்புக்குத்தான் வராது, எனக்கு வரும் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எத்தனை அஷ்டமி போனேன், ஒவ்வொரு தரமும் முடிவு சுத்தம். பிறகு ஓர் அஷ்டமியில் ஐஸ் பெட்டியோடு போனபோது அக்காவின் கொட்டகை சாத்தியிருந்தது. பக்கத்துக் கொட்டகை நிக்கோபாரிப் பெண், மருமகளுக்குப் பீலியா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாள். பீலியா என்றால் மஞ்சள் காமாலை. முகாமில் இன்னும் சிலருக்கும் இருந்தது. அவர்கள் கஞ்சி குடித்துக்கொண்டு கொட்டகையிலேயே படுத்திருந்தார்கள்; பிழைத்தும் கொண்டார்கள். நிறைமாதக் கர்ப்பிணியை அது அப்படி விடுவதில்லை என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மாதிரியைக் கூடத்தில் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாந்தி கண்ணைத் திறந்து வைத்திருந்தாள், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. கண் இரண்டும் மஞ்சள். கட்டிலருகே அக்கா அவள் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு டாக்டர் வந்து, எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்று இந்தியில் கேட்டார். நான் பின்னால் வந்து நின்றதை அக்கா பார்க்கவில்லை.

“கெணத்துத் தண்ணிதாங்க. அது நல்ல தண்ணி. ஆபீஸ்ல பாத்து எங்காளு சொன்ன தண்ணி,” என்றார். டாக்டருக்குப் புரியவில்லை என்று பார்த்து அதையே இந்தியிலும் சொன்னார். தண்ணீர்மேல் பழி வந்துவிடக் கூடாது என்பதுபோல அழுத்திச் சொன்னார்.

என் காதில் அது விழுந்த நிமிடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டு விதிகளும், அஷ்டமியும், இறங்கிப்போன நிலமும், தாழ்விலிருந்த குழிகளும், போயா அன்னிக்கு வந்து பாருங்க என்றதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. நான் முன்னால் போகவில்லை. வந்த வழியே வெளியே போய்விட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனங்களில் பெரியது அதுதான்.

மூன்றாம் நாள் சாந்தி போய்விட்டாள். பிள்ளையையும் காப்பாற்ற முடியவில்லை. அடக்கத்துக்குப் போனேன். அக்கா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள் பிஸ்வாஸ் சாப்பிடம் போய், நாளைக்குக் காடிக்குப் போக வேண்டும் என்றேன். நாளைக்குக் காலையில் ஏற்றம், விதிப்படி எடுக்க முடியாது, வண்டியும் தர முடியாது என்றார். அப்படியானால் லீவு கொடுங்கள், பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். லீவுத் தாளில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையில் நான் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன், ஷாதிபூர் நிறுத்தத்தில் அவரும் ஏறினார். 

நாங்கள் போய் இறங்கியபோது காடி நிரம்பி நின்றது. நான் இத்தனை நாள் நடந்து போன மண் தண்ணீருக்கடியில் இருந்தது. கழிப்பறைக் குழிகளின் மேல் போட்டிருந்த பலகைகள் மிதந்தன. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அஷ்டமியில் பாட்டிலில் கல் கட்டி ஆழமாக இறக்கவேண்டிய கிணறு அது. அன்றைக்குத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. வாடை அடித்தது. குழிகளை நிரப்பிய ஏற்றத் தண்ணீர்தான் மண் வழியே கிணற்றுக்குள் ஊறியிருந்தது. பிஸ்வாஸ் சாப் முகர்ந்து பார்த்துத் தன் தாளில் எழுதி மடித்தார். நான் எழுதிய தாளை நீட்டினேன். இரண்டிலும் ஒன்றேதான்.

லெட்சுமி அக்கா வந்து நின்றார். நான் பாட்டிலில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் கிருமி பார்ப்பது இப்படி. ஊதா நிறத் திரவம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் இந்தத் தண்ணீரை அளந்து விட வேண்டும். ஒவ்வொரு குழாய்க்குள்ளும் ஒரு சின்னக் குழாய் கவிழ்ந்து இருக்கும். வெதுவெதுப்பான பெட்டியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். சின்னக் குழாயில் காற்று சேர்ந்து குமிழ் நிற்கும். இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்தபோதே எல்லாக் குழாயும் மஞ்சள். நான் பார்த்துவிட்டு வந்த கண்களின் நிறம். குழாய்த் தாங்கியை மேசையில் வைத்துவிட்டு நான் அழுதேன். கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

பிஸ்வாஸ் சாப் மற்றவர்களை வெளியே அனுப்பினார். அந்தம்மாவிடம் நீ என்ன சொல்லியிருந்தாய் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ரூல் மேரா தா,” என்றார். “ஜுபான் தும்ஹாரி தீ.”

விதி என்னுடையது, வாய் உன்னுடையது. அதற்கு மேல் திட்டவில்லை. சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளை எடுத்து, ‘பாட்டாவில் மட்டும்’ என்ற வரியை அடித்தார். அன்றைக்கு மட்டும் பேனாவால் அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மேலிடத்துக்கு அனுப்பிய கடிதத்தில், மாதிரி எடுக்கும் நாளை நிர்ணயித்ததில் தவறு, பொறுப்பு தன்னுடையது என்று எழுதினார். என் பெயரைச் சேர்க்கவில்லை. நான் சேர்க்கச் சொன்னேன். இது தண்ணீரைப் பற்றிய கடிதம் என்றார். அன்று மாலைதான் பதிவேட்டில் திதிக் கட்டத்துக்கான அந்தக் கோட்டைப் போட்டேன்.

அந்த வாரமே கிணற்றை மூடினார்கள், லாரித் தண்ணீர் முகாம் வரை வந்தது. குழிகளைத் தூர்த்து மேட்டில் புதிதாகக் கட்ட ஒரு மழைக்காலம் ஆயிற்று. பிறகு வருஷக்கணக்கில் அந்தக் காடியோடு மல்லுக்கட்டினோம். பன்றிக் கொட்டில்களை நகர்த்தச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கினேன். இரண்டு இடத்தில் அடிக்க வந்தார்கள். கண்டல் கன்றுகளை வனத்துறை ஆட்களோடு நட்டோம், பாதி செத்தது, மறுபடி நட்டோம். பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி மூன்றிலும் எடுத்தோம். முடிவுகள் மெல்ல இறங்கின. ஒரு வருஷம் காடியில் மட்டிச் சிப்பி எடுக்கிறவர்கள் திரும்பி வந்தார்கள். கூடத்தில் அன்று எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், தின்னத் தோன்றவில்லை.

பிஸ்வாஸ் சாப் ஓய்வு பெற்ற பிறகும் ஷாதிபூருக்குப் போய் அவரைப் பார்ப்பேன். என்னை, வீட்டை, வேலையை எதையும் விசாரிப்பதற்கு முன் அந்தம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் கேட்பார். கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டார்.

ஸ்வாதி, உன் கருவி உப்பை அளக்கும், கலங்கலை அளக்கும். மலக்கிருமியை அளக்காது. அதற்கு இன்னும் ஓர் ஆள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போக வேண்டும், போகிற நாளை ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஆகையால் அந்தக் கட்டம் இருக்கட்டும். அந்த ஊர்க்காரர்கள் யாராவது, நீ வராத நாளில் வந்து பார் என்று சொன்னால், அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று ஆராயாதே. பாட்டிலை எடுத்துக்கொண்டு போ.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முகாமிலிருந்தவர்களுக்குக் கடைசியில் மேட்டில் நிரந்தர வீடு கொடுத்தார்கள். காடியிலிருந்து நல்ல தூரம், குழாய்த் தண்ணீர். அந்தக் குழாய்களைப் பார்த்துச் சொல்லவும் என்னைத்தான் அனுப்பினார்கள். பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதிலும் ஒரு குமிழ் இல்லை. முடிவைச் சொல்ல அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை, ஓர் ஆளுக்கு அது பெரிய வீடு. அக்கா குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“நல்ல தண்ணியா, ஐயா?”

“எடுத்ததுல ஒண்ணும் கிடைக்கலக்கா.”

அவர் இன்னும் ஏதோ வரும் என்பதுபோல நின்றார். அந்தப் பழைய வார்த்தையைத்தான் எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதை நான் சொல்ல வேண்டும் என்று அவர் விரும்பினார். என்னை மன்னிப்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே வழி அதுவாகக்கூட இருக்கலாம். என்னால் முடியவில்லை. 

“சரி, இருங்க. பிளேன்டீ போடுறேன்,” என்று டம்ளர் தண்ணீரைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தார். அது கொதிக்கிறவரை இரண்டு பேரும் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.